முதல் தடவை வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு: வழியும் வலியும்

ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதாவின் பிறப்புப் பெருவிழா. அதற்குள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தமிழ்நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் காவி உடுத்திய கூட்டங்கள் கிளம்புகின்றன. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 150, தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 90. இந்த ஆண்டு நீங்களும் போவதாக இருந்தால், கேட்கிற எல்லோரும் உங்களுக்குச் சொல்லப் போவது என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்: டார்ச், வாஸ்லின், தண்ணீர் பாட்டில். அதை நானும் சொல்கிறேன். ஆனால் இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது வேறு ஒரு கேள்வி வரும். இந்த வலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்விக்காக எழுதியது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மை நாமே வருத்திக்கொள்ள இந்த நடை தேவையில்லை. வழியில் தானாக வருகிற கஷ்டத்தை முணுமுணுக்காமல் கையில் வாங்கி, அதைக் கடவுளிடம் கொடுக்கப் பழகவே நடக்கிறோம். நான்கைந்து நாளில் சாலையில் பழகுவது, பிறகு நாம் கேட்காமலே வரும் கஷ்டங்களுக்கு உதவ வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டால் ஆயத்தம் முதல் திரும்பி வருவது வரை எல்லாவற்றையும் சரியாக முடிவு செய்ய முடியும்.

எதற்காக நடக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யுங்கள். பலர் நேர்ச்சைக்காக நடக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியானால் நடந்து வருகிறேன், வேலை கிடைத்தால் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லியிருப்பார்கள். நன்றியாக நடப்பது நல்ல காரியம். ஆனால் நம் கால் வலியைக் கொடுத்துக் கடவுளிடமிருந்து ஒன்றை வாங்கிவிடலாம் என்ற நினைப்போடு நடந்தால், வழியில் ஒவ்வொரு கொப்புளமும் கணக்காகிவிடும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் அந்தக் கணக்கு மாதாவின் மேல் கோபமாக மாறும். அப்படி மனம் உடைந்து கோயிலுக்கே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். காரியங்களை எழுதுவதைவிட ஆட்களின் பெயரை எழுதுவது நல்லது. டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் மாமா, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத அக்கா, தேர்வில் தோற்ற பக்கத்து வீட்டுப் பையன், உங்களுக்குத் துரோகம் செய்த ஒருவர். பத்துப் பெயர் போதும். கடைசியாகச் சொன்னேனே, அந்த ஆளின் பெயரை எழுத மறக்காதீர்கள். இந்தத் தாள் சாலையில் எப்படிப் பயன்படும் என்று பிறகு சொல்கிறேன்.

நேர்ச்சையைப் பற்றி இன்னொன்று. நடக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இப்போது முழங்கால் தேய்ந்து போய் நடக்க முடியாத பெரியவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். நடக்காவிட்டால் சாமிக்குத்தம் ஆகிவிடும், குடும்பத்துக்கு ஏதாவது வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பயப்பட வேண்டாம். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்துக்காக ஒருவரை விடுவிக்கவும், அதை வேறு நற்செயலாக மாற்றிக் கொடுக்கவும் பங்குத்தந்தைக்கு (உங்கள் ஊர்க் கோயில் சாமியாருக்கு) திருச்சபைச் சட்டமே அதிகாரம் தருகிறது. போய்ப் பேசுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்குப் பல வருடம் பயந்துகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

யார் நடக்கக் கூடாது

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவருக்குக் காயம் பட்டதே தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். விசுவாசம் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்திலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எருசலேம் கோயிலின் உச்சியில் இயேசுவிடம் சொன்னது சாத்தான். "உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்" என்றுதான் அவர் பதில் சொன்னார்.

நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர்தான். அதில் கடைசி இரண்டு கிலோமீட்டர் மட்டும் நடந்தாலும் நடைதான். சென்னைக்காரர்களுக்குப் பெசன்ட் நகர் ஆலயம் இருக்கிறது. அங்கேயும் அதே நாட்களில்தான் திருவிழா. இனி முடியாது என்று ஒத்துக்கொள்வதும் ஒரு வருத்தம்தான். சிலருக்கு 90 கிலோமீட்டரைவிட அது கடினமான காணிக்கை.

எங்கிருந்து, யாரோடு

முதல் தடவைக்குத் தஞ்சாவூரிலிருந்து நடப்பதைச் சிபாரிசு செய்கிறேன். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகை என்று வழி நெடுக ஊர்கள் உண்டு. மருந்துக்கடையும் டீக்கடையும் கிடைக்கும். நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் என்று வைத்தால் நான்கு நாளில் சேரலாம். குறுவைப் பயிர் நிற்கும் வயல்களும் வாய்க்காலும் கூடவே வரும். வாய்க்காலிலோ ஆற்றிலோ குளிக்க இறங்காதீர்கள். மேட்டூர்த் தண்ணீர் ஓடும் காலம் அது. ஆழம் வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

தனியாக நடக்காதீர்கள். உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ கட்டாயம் ஒரு கூட்டம் கிளம்பும். மாதா சுரூபம் வைத்த சிறிய வண்டி, சாமான் ஏற்ற ஒரு வேன், வழி தெரிந்த இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும். சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் எங்கே தங்குகிறார்கள்? பெண்களுக்குக் கழிப்பறை வசதி என்ன? பின்தங்குகிறவர்களுக்காக யாராவது கடைசியில் வருகிறார்களா? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத கூட்டத்தில் புதியவர்கள் சேர வேண்டாம். முன்னால் போகிறவர் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்பது ஒரு கூட்டத்துக்குப் பெருமை ஆகாது.

ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பாட்டுப் போடும் கூட்டங்களும் உண்டு. பாட்டு சோர்வை மறக்க வைக்கும், சரிதான். ஆனால் மறப்பதற்கு மட்டுமே ஒலி இருந்தால் செபிக்க இடம் இருக்காது. விடியற்காலை இரண்டு மணி நேரமாவது அமைதியாக நடக்கும் கூட்டம் கிடைத்தால் அதில் சேருங்கள்.

ஒரு மாதப் பழக்கம்

உடம்புக்கு: முதல் வாரம் தினமும் 4 கிலோமீட்டர். மெல்லக் கூட்டிக்கொண்டே போய், நான்காம் வாரம் ஒரே நாளில் 15 கிலோமீட்டர் ஒரு தடவையாவது நடந்து பாருங்கள். சாலையில் எந்தச் செருப்போ ஷூவோ போடப் போகிறீர்களோ அதையே போட்டு நடங்கள். புது ஷூ வாங்கி மறுநாளே கிளம்புகிறவர்கள்தான் முதல் நாள் மாலையே வேனில் ஏறுகிறார்கள்.

மனதுக்கு: இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முக்கியமானது. தினமும் ஒரு சின்ன அசௌகரியத்தைத் தவிர்க்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தால் யாரையும் மனதுக்குள் திட்டாமல் நில்லுங்கள். சாம்பாரில் உப்புக் குறைந்திருந்தால் சொல்லாமல் சாப்பிடுங்கள். கரண்டு போனால் உடனே செல்போனை எடுக்காமல் பத்து நிமிடம் இருட்டில் உட்காருங்கள். ஒவ்வொரு தடவையும், "ஆண்டவரே, இதை மாமாவுக்காக ஏற்றுக்கொள்ளும்" என்று ஒரே ஒரு வரி. தவக்காலத்தில் ஒறுத்தல் முயற்சி என்று பங்கில் சொல்வார்களே, அதேதான். அங்கே எதை விடுவது என்று நாமே முடிவு செய்கிறோம். இங்கே வருவதை வாங்குகிறோம். இரண்டாவதுதான் எனக்குக் கடினமாகத் தெரிகிறது. அதுதான் சாலையில் தேவைப்படும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற்றுக்கொள்ளுங்கள். யாரோடாவது பேசாமல் இருந்தால் ஒரு போன் செய்யுங்கள்.

பையில் என்ன

தோளில் தூக்குவது மூன்று நான்கு கிலோவுக்கு மேல் வேண்டாம். மாற்று உடை இரண்டு, துண்டு, மெல்லிய போர்வை, தொப்பி, டார்ச், ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், வாஸ்லின், பிளாஸ்திரி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், செபமாலை, அந்தப் பெயர்த் தாள். சாக்ஸ் மூன்று ஜோடி எடுங்கள். நனைந்த சாக்ஸோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். பின்னால் வரும் வண்டிக்குத் தெரியும்படி முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இது கட்டாயம்.

சாலையில் ஒரு நாள்

ஆகஸ்ட் கடைசியில் டெல்டாவில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சாயங்காலம் இடியோடு மழையும் வரும். ஆகவே விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்கு நிறுத்திவிட வேண்டும். பிறகு கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ மரத்தடியிலோ ஓய்வு. மாலை நான்கரைக்குத் திரும்பக் கிளம்பி ஏழரை எட்டுக்குள் தங்குமிடம். ராத்திரி முழுக்க நடக்கும் கூட்டங்களும் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சாலைக்குள் நகர்ந்துவிடுகிறார்கள். கூட்டத்தோடு வண்டி வரவில்லை என்றால் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள்.

காலில் செருப்பு இல்லாமல்தான் நடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. பழகியவர்கள் நடக்கட்டும். வாழ்நாள் முழுக்க ஷூ போட்டு ஆபீஸ் போகிறவர் பத்து மணித் தார்ச்சாலையில் வெறுங்காலோடு இறங்குவது பக்தியாக எனக்குத் தெரியவில்லை. ஆசை இருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை வெறுங்காலில் நடங்கள்.

கிளம்பும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவுங்கள். தொடை உரசும் இடத்திலும்தான். வெட்கப்பட்டு அதை விட்டவர்கள் கொப்புளம் வந்தவர்களைவிடக் கஷ்டப்படுகிறார்கள். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். ஓரிடம் சூடாக, சிவப்பாக இருந்தால் அப்போதே பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள். உடையாமல் இருந்தால் மூடி வைத்துக் காப்பாற்றுங்கள். உடைந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டுங்கள்.

தண்ணீர் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. கழிப்பறை கிடைக்காதே என்று பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். இதை மட்டும் ஒறுத்தலாக எண்ணிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றும் மயக்கமும்தான் வரும். பெட்ரோல் பங்க், கோயில், கல்யாண மண்டபம் என்று எங்கே நிற்கலாம் என்பதை முன்கூட்டியே திட்டமிடச் சொல்லிக் கூட்டத் தலைவரிடம் உரிமையோடு கேளுங்கள். சிலுவையில் இயேசுவே "தாகமாய் இருக்கிறது" என்று வாய் விட்டுச் சொன்னார். உடம்பின் தேவையைச் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது.

யாருக்காவது வியர்வை நின்று, பேச்சுக் குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே உட்கார்ந்து செபமாலை சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள். செபத்தை ஆம்புலன்சில் சொல்லலாம்.

வலி வந்ததும் என்ன செய்வது

இரண்டாம் நாள். எல்லோருக்கும் அன்றைக்குத்தான் வரும். முதல் நாள் உற்சாகம் தீர்ந்திருக்கும், வேளாங்கண்ணி இன்னும் தூரமாக இருக்கும். நான் பழக்கத்தில் வைத்திருக்கும் முறை இது.

முதலில் நில்லுங்கள். இது அசௌகரியமா, ஆபத்தா என்று பாருங்கள். தசை வலி, கொப்புளம், தூக்கமின்மை, சலிப்பு எல்லாம் அசௌகரியம். மூட்டு வீங்குவது, நெஞ்சு அடைப்பது, காய்ச்சல், தலை சுற்றுவது ஆபத்து. ஆபத்து என்றால் உங்கள் நடை அங்கே முடிந்தது. வேனில் ஏறுங்கள். அசௌகரியம் என்றால் குறைக்க முடிந்ததைக் குறையுங்கள். சாக்ஸை மாற்றுங்கள், பையின் பாரத்தை வேனுக்குக் கொடுங்கள், பத்து நிமிடம் காலை உயர்த்திப் படுங்கள். எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது வானதூதர் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து, எழுந்து சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றார். நடக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இறைவார்த்தை எனக்குத் தெரியாது.

அப்புறம், வலியைக் கடவுளிடம் அப்படியே சொல்லுங்கள். "வலிக்கிறது ஆண்டவரே, பிடிக்கவில்லை, எடுத்துவிடும்." இப்படிச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு முதலில் கேட்டது இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும் என்றுதான். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்பது அதற்குப் பிறகு வந்தது. திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டார். "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில் கேட்டவருக்குத்தான் கிடைத்தது. முதல் வரியை விழுங்கிவிட்டு நேராக இரண்டாவதற்குப் போகிறவர்கள் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே கசந்துபோகிறார்கள். திருப்பாடல்களில் புலம்பல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 88ஆம் திருப்பாடல் இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதுவும் விவிலியம்தான்.

சொன்ன பிறகும் வலி அங்கேயே இருக்கும். இப்போது அந்தத் தாளை எடுங்கள். அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பெயர். "ஊசியோடு மூன்று மணி நேரம் படுத்திருக்கும் மாமாவின் வலியோடு இந்த வலியையும் சேர்த்துக்கொள்ளும்." அவ்வளவுதான். பவுல் கொலோசையருக்கு எழுதும்போது, தம் உடலில் படும் துன்பத்தைத் திருச்சபைக்காகப் படுவதாகச் சொல்கிறார். இயேசுவின் பாடுகளில் ஏதோ போதாது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவர் தம் பாடுகளில் நமக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார். நம் வலியால் மாமாவின் வலி குறையுமா? தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம் மாமாவை மறக்காமல் இருக்கிறீர்கள். அவர் படுவது இன்னதென்று உங்கள் உடம்பு கொஞ்சம் புரிந்துகொள்கிறது. ஊருக்குப் போனதும் அவரைப் பார்க்கப் போவீர்கள். அதுவே பெரிது.

ஒரு செபமாலை சொல்ல இருபது நிமிடம் ஆகும். செவ்வாயும் வெள்ளியும் அதில் துயர மறையுண்மைகள், அதாவது இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்லும் பகுதி. மூச்சு வாங்கும்போது முழுச் செபமும் வராது. "இயேசுவே, இரக்கமாயிரும்" என்று அடிக்கு அடி சொன்னால் போதும். அதுவும் வராவிட்டால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள்.

கடைசியாக, பக்கத்தில் பாருங்கள். உங்களைவிட மோசமாக நொண்டுகிற ஒருவர் இருப்பார். அவருடைய பையை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வேகத்தைக் குறைத்து அவரோடு நடங்கள். அதேபோல் உங்கள் பையை ஒருவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் இயேசுவே சிலுவையைச் சுமக்கச் சீமோனின் உதவியை ஏற்கிறார். சீமோன் விரும்பி வந்தவரும் அல்ல. வயலிலிருந்து வந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். வழியில் நாம் சுமக்கும் பெரும்பாலானவை அவருடையதைப் போலத்தான் நம் மேல் வந்து விழுகின்றன.

கேட்காமல் வரும் கஷ்டங்கள்

கால் வலிக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள். வேறொன்றில்தான் விழுகிறார்கள். மண்டபத்தில் பக்கத்தில் படுத்தவரின் குறட்டை. கழிப்பறை வரிசையில் முந்திப் போகிற ஆள். நீங்கள் போய்ச் சேரும்போது ஆறிப் போயிருக்கும் எலுமிச்சைச் சாதம். "இதுக்குத்தான் புது ஆளைச் சேர்க்கக் கூடாதுன்னேன்" என்று காதில் விழும்படி சொல்லும் ஒருவர். 20 கிலோமீட்டர் நடந்த பக்தி இரண்டு நிமிடத்தில் பறந்துவிடும்.

என்னைக் கேட்டால் நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கால் வலியை நாம் தேர்ந்தெடுத்தோம். அதில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருக்கும். குறட்டையில் பெருமைக்கு இடமே இல்லை. அதே முறையை இங்கேயும் செய்யுங்கள். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இடம் மாறிப் படுங்கள். முடியாவிட்டால் பிடிக்கவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு பெயர். துரோகம் செய்த அந்த ஆளின் பெயருக்கு இது சரியான நேரம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வழியோரத்தில் மோர், தண்ணீர், வாழைப்பழம் கொடுக்க ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். அவர்களுக்காகவும் ஒரு கிலோமீட்டர் நடங்கள். டம்ளரைச் சாலையில் எறியாதீர்கள்.

பிறரிடம் சொல்லக் கூடாதவை

ராத்திரி உட்கார்ந்து பேசும்போது கூட வந்தவர்களின் கதை வெளியே வரும். குழந்தையை இழந்தவர் இருப்பார், கடனில் மூழ்கியவர் இருப்பார். "கடவுள் உன்னைச் சோதிக்கிறார்", "நல்லதுக்குத்தான் நடக்கிறது", "ஏதோ பாவம் இருக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்ததும் இல்லை, பெற்றோர் செய்ததும் இல்லை என்றார் இயேசு. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்மசுக்கு வந்த திருப்பயணிகள் ஏராளமாக இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. நேர்ச்சை செலுத்த வந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்று யாராலும் விளக்க முடியாது. விளக்க முயலவும் கூடாது. என் துன்பத்துக்கு நான் ஏதாவது பொருள் கண்டுபிடிக்கலாம். அடுத்தவர் துன்பத்துக்கு நான் பொருள் சொல்வது அத்துமீறல். பக்கத்தில் உட்கார்ந்து மோரை நீட்டலாம். அது போதும்.

வந்து சேர்ந்த பிறகு

தூரத்தில் வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்ததும் பலர் அழுவார்கள். உங்களுக்கு அழுகை வராமலும் போகலாம். கூட்டம், சத்தம், செருப்பை எங்கே விடுவது என்ற கவலை, மாதாவின் முன் ஒரு நிமிடம்கூட நிற்க விடாமல் நகரச் சொல்லும் வரிசை. ஒன்றுமே தோன்றவில்லையே, இதற்கா நடந்தோம் என்று இருக்கும். கவலை வேண்டாம். உணர்ச்சி வருவதும் வராததும் நடையின் பலனை முடிவு செய்வதில்லை. முதலில் குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் போங்கள். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் பெயர்த் தாளோடு ஒரு தடவை மாதாவிடம் போய் நில்லுங்கள்.

ஆலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவில் உள்ள மணல் பாதையில் முழந்தாளிலேயே போகிறவர்களைப் பார்ப்பீர்கள். நீங்களும் செய்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான்கு நாள் நடந்த முழங்காலுக்கு அது தேவையில்லை. அங்கே நடந்து போய், தளர்ந்துபோன ஒரு பாட்டிக்குக் கை கொடுங்கள்.

தங்குவதற்கு விடுதிகளைத் திருவிழாவுக்கு வெகு நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். செப்டம்பர் 7 இரவு பெரிய தேர்பவனி. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. முதல் தடவை என்றால் அதற்கு முன்பே போய்விட்டுத் திரும்புவது நல்லது.

வீட்டுக்கு வந்த பின்

ஒரு வாரம் பாதத்தைக் கவனியுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போங்கள்.

சாலையில் பழகியதை வீட்டில் தொடரும்போது ஒன்றில் கவனம் தேவை. நில், ஆபத்தா என்று பார், குறைக்க முடிந்ததைக் குறை, ஆண்டவரிடம் சொல், ஒருவருக்காக ஒப்புக்கொடு. இந்த வரிசையில் முதல் மூன்றை விட்டுவிட்டுக் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவரைச் சிலுவை என்று பொறுத்துக்கொள்ளும்படி பெண்களிடம் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்து. அங்கே செய்ய வேண்டியது வெளியே வருவது, 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுவது, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. மாத்திரையை நிறுத்திவிட்டு நோயை ஒப்புக்கொடுப்பதும், மன அழுத்தத்தில் இருக்கும் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போகாமல் செபம் மட்டும் சொல்லச் சொல்வதும் அதே தவறுதான். இயேசு நோயாளிகளைக் கண்ட இடமெல்லாம் குணமாக்கினார். நோய் நல்லது, வைத்துக்கொள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

செய்ய முடிந்ததெல்லாம் செய்த பிறகும் மீதி இருக்கும். படுத்த படுக்கையான அம்மாவுக்கு ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். மூட்டு வலி மாத்திரைக்கு முழுதாக அடங்காது. அந்த மீதிக்குத்தான் இந்தப் பழக்கம். பெயர்த் தாளை எறியாமல் செப அறையிலோ அலமாரியின் உள்கதவிலோ ஒட்டி வையுங்கள். ராத்திரி எழுந்திருக்கும்போது மேலிருந்து ஒரு பெயர், அடுத்த தடவைக்கு அடுத்த பெயர். குணமானவர்களின் பெயரை நன்றியோடு அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். அடுத்த ஆண்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஆகஸ்ட் 29 அன்று தாளைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.